ஏலப்பாறை மலைப் பாதைகளும் பொழுதுபோக்கு வண்டிச் சவாரியும்

ஒரு வட்டாரத்தின் போக்குவரத்து வசதியை மதிப்பிடும்போது தேசிய நெடுஞ்சாலையின் நீளத்தையும், மாநிலச் சாலைகளின் நீளத்தையும், ஊராட்சிச் சாலைகளின் நீளத்தையும் கணக்கிடுகிறோம். மலைச் சரிவில் உள்ள தொழிலாளர் குடியிருப்பிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும், நீர்ச்சுனைக்கும், பேருந்து நிற்கும் இடத்துக்கும் செல்லும் பாதை இக்கணக்கில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. பதிவேட்டில் இல்லாத சொத்துக்குத் தேய்மானமும் எழுதப்படுவதில்லை. ஆயினும் அப்பாதை தேய்கின்றது. அதன் தேய்மானத்தை யாரோ ஒருவர் தம் உழைப்பாலும் காலத்தாலும் ஈடுசெய்தே தீரவேண்டியுள்ளது.

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தின் பீர்மேடு வட்டத்தில் அமைந்த ஏலப்பாறையையும் அதனை அடுத்த வாகமண் மலைகளையும் எடுத்துக்கொண்டால், இவ்வுண்மை தெளிவாக விளங்கும். அண்மை ஆண்டுகளில் இம்மலைகளுக்கு ஒரு புதிய பயன் ஏற்பட்டுள்ளது. நான்கு சக்கரங்களும் இயங்கும் ஜீப்புகளிலும், கனத்த டயர் பூட்டிய மோட்டார் சைக்கிள்களிலும், சாலை அல்லாத நிலத்தில் ஏறி இறங்குவதே ஒரு பொழுதுபோக்காக வளர்ந்துள்ளது. வண்டியோட்டிகள் இதனை ‘ஆஃப் ரோடு’ என்றே வழங்குகின்றனர். இதனால் வருவாய் பெறுவோர் உள்ளனர்; இழப்புக்கு உள்ளாவோரும் உள்ளனர். வருவாயையும் இழப்பையும் ஒரே கணக்கில் கொண்டுவருவது எவ்வாறு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாதைகள் அமைந்த வரலாறு

குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனை செல்லும் சாலையில் ஏலப்பாறை அமைந்துள்ளது. இங்கிருந்து வடமேற்கே பிரியும் சாலை, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் உள்ள வாகமண்ணுக்குச் செல்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பீர்மேட்டு மலைகளில் முதலில் காப்பித் தோட்டங்கள் தோன்றின. பின்னர் தேயிலை அவற்றின் இடத்தைப் பிடித்தது. தமிழ் மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தொழிலாளர்கள் மலையேறினர். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் ‘லயம்’ எனப்படும் தோட்டக் குடியிருப்புகளில் வாழ்கின்றனர். 1972 ஜனவரி 26ஆம் நாள் இடுக்கி மாவட்டம் அமைக்கப்படும் வரை பீர்மேடு வட்டம் கோட்டயம் மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தது.

தோட்டங்களோடு பாதைகளும் தோன்றின. இவை மூவகைப்படும். பறித்த கொழுந்தை ஆலைக்குக் கொண்டுசெல்ல வெட்டிய தோட்டச் சாலைகள் ஒரு வகை. காட்டு மரத்தை இறக்குவதற்காக அமைந்த கூப்பு ரோடுகள் மற்றொரு வகை. மூன்றாவது வகை, மக்கள் நடந்து நடந்து உண்டாக்கிய ஒற்றையடிப் பாதைகள். முதல் வகைப் பாதைகள் ஓரளவு பொறியியல் அறிவோடு அமைக்கப்பட்டவை. சரிவு மிகாமல் வளைத்து வெட்டி, மேற்புறத்தில் வடிகால் எடுத்து, ஓடை குறுக்கிடும் இடத்தில் கல் பாவி வைத்தனர். மழைக்கு முன்னர் வடிகாலைத் தூர்வாருவது தோட்ட நிர்வாகத்தின் ஆண்டுப் பணிகளுள் ஒன்று. மலைப் பாதையின் ஆயுள் அதன் வடிகாலின் ஆயுளே என்பதை அக்காலத் தோட்ட மேற்பார்வையாளர்கள் அறிந்திருந்தனர்.

2000ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை வீழ்ச்சியுற்றபோது பீர்மேட்டுப் பகுதியில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. கூலி நின்றது, லயங்களின் கூரை ஒழுகியது, வடிகால் தூர்வாரும் பணியும் நின்றுபோயிற்று. பராமரிப்பவர் இல்லாத பாதைகள் இவ்வாறு ஏராளமாயின. பொழுதுபோக்குச் சவாரி இம்மலைகளில் பரவியபோது அதற்குக் கிடைத்த களம் இதுவே. பாதையை உண்டாக்கியவர் ஒருவர், அதில் நடப்பவர் மற்றொருவர், அதனை உழுது செல்பவர் வேறொருவர் என்னும் நிலை இங்கிருந்தே தொடங்குகின்றது.

இருவகைச் சவாரி

இடுக்கி இருப்புப்பாதையே இல்லாத மாவட்டம். இந்நிலையில் மலைமக்களுக்கு ஜீப் ஆடம்பரப் பொருளாக வரவில்லை. மகிந்திரா நிறுவனம் 1947இல் இந்தியாவில் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. பின்னர் மலைநாட்டுக்கு வந்து சேர்ந்த ஜீப்புகள், நோயாளியை மருத்துவமனைக்கும், ஏலக்காய் மூட்டையைச் சந்தைக்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கும் கொண்டுசென்றன. தோட்டத் தொழில் தளர்ந்தபின், சுற்றுலாப் பயணிகளைக் குன்றின் உச்சிக்கு ஏற்றிச் சென்று காட்டும் தொழில் பல இளைஞர்களுக்கு வாழ்வளித்தது. ஓட்டுநரோடு இத்தொழில் நின்றுவிடுவதில்லை. வண்டி பழுதுபார்ப்பவர், தேநீர்க் கடைக்காரர், தங்கும் அறை வாடகைக்கு விடுவோர் ஆகியோரும் இதில் பங்குபெறுகின்றனர். இதே இடுக்கியில் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கும், பாலக்காடு மாவட்டத்தில் நெல்லியாம்பதியிலும் இவ்வகை ஜீப் தொழில் நடைபெறுகின்றது.

இதனோடு சேர்த்து எண்ணத்தகாத மற்றொரு வகையும் உண்டு. நகரங்களிலிருந்து குழுவாக வருவோர், உயர்த்திக் கட்டிய வண்டிகளையும், ஆழமான பற்களைக் கொண்ட டயர்களையும், சேற்றில் சிக்கினால் இழுத்தெடுக்க விஞ்ச் எனும் இழுவைப் பொறியையும் கொண்டு வருகின்றனர். முதல் வகை ஓட்டுநர் பயணியைக் காட்சி முனைக்குக் கொண்டுசேர்க்கவே பாதையைப் பயன்படுத்துகிறார். பாதை நன்றாக இருந்தால் அவருக்கு ஆதாயம். வண்டியின் தேய்மானமும் எரிபொருட் செலவும் குறையும். இரண்டாம் வகையினருக்குப் பாதை கெட்டிருப்பதே கவர்ச்சி. சேறும் வழுக்கலும் செங்குத்தும் மிகுந்த இடத்தையே அவர்கள் நாடுகின்றனர், மழைக்காலத்தையே விரும்புகின்றனர். பாதையின் அழிவு முன்னவருக்கு நட்டம்; பின்னவருக்கு அதுவே ஆட்டத்தின் பகுதி. இவ்வேற்றுமையை உணராத எந்த விதிமுறையும் ஏழை ஓட்டுநரைத் தண்டித்து, வசதி படைத்த விளையாட்டாளரைத் தப்பவிடும் என்பதில் ஐயமில்லை.

சக்கரம் மண்ணுக்குச் செய்வது

மழைநீரை உறிஞ்சுவது மண்ணின் துகள்களுக்கிடையே உள்ள நுண்துளைகளேயாகும். வேரும் மண்புழுவும் மக்கிய இலையும் அத்துளைகளை உண்டாக்குகின்றன. கனத்த வண்டி ஈரமண்ணின் மீது செல்லும்போது துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கித் துளைகள் அடைபடுகின்றன. உலர்ந்த மண்ணைவிட ஈரமண் எளிதில் இறுகும் தன்மையுடையது. முதல் சில சவாரிகளிலேயே பெரும்பகுதி இறுக்கம் ஏற்பட்டுவிடுகின்றது என்பது கவனத்துக்குரியது. எனவே, புதிய சரிவொன்றில் பத்து வண்டிகள் செல்வது, பழைய பாதையில் மேலும் பத்து வண்டிகள் செல்வதைவிடப் பன்மடங்கு கேடு பயக்கும்.

இறுக்கத்தோடு கிழிசலும் சேர்கின்றது. செங்குத்தில் ஏற முடியாமல் சக்கரம் ஓரிடத்திலேயே சுழலும்போது டயரின் பற்கள் புல்லின் வேர்ப்பின்னலை அறுத்து மேல்மண்ணைப் பின்னே வாரி எறிகின்றன. சக்கரத் தடம் ஆழமாகிப் பள்ளமானதும் அடுத்து வருபவர் அதைத் தவிர்த்து ஓரமாக ஓட்டுகிறார். அதுவும் பள்ளமாகின்றது. மூன்றாமவர் இன்னும் விலகிச் செல்கிறார். மூன்று மீட்டர் அகலமிருந்த பாதை இவ்வாறு கிளைத்து விரிந்து, புல்வெளியையும் தேயிலை வரிசையையும் தின்னத் தொடங்குகின்றது.

இதன்பின் அழிவைத் தொடர்வது நீர். ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். மூன்று மீட்டர் அகலமும் ஒரு கிலோமீட்டர் நீளமும் உள்ள பாதையின் பரப்பு 3,000 சதுர மீட்டர். அதன்மீது ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 300 கனமீட்டர், அதாவது 3 லட்சம் லிட்டர். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் இப்பகுதிக்கு இத்தகைய மழைநாள் புதியதன்று. உறிஞ்சும் ஆற்றலை இழந்த மண்ணின் மேல் விழும் இந்நீரின் பெரும்பகுதி, சக்கரத் தடத்தையே வாய்க்காலாகக் கொண்டு சரிவில் இறங்குகின்றது. இரு தடங்களும் 30 சென்டிமீட்டர் அகலமும் 20 சென்டிமீட்டர் ஆழமும் அடைந்துவிட்டால், ஒரு கிலோமீட்டரில் 120 கனமீட்டர் பள்ளம் உண்டாகிவிடும். அதில் பாதி இறுக்கத்தால் தாழ்ந்தது என்று கழித்தாலும், எஞ்சிய 60 கனமீட்டர் மண் கீழே போய்விட்டது என்றே பொருள். ஒரு டிப்பர் லாரி 6 கனமீட்டர் கொள்ளும் எனில் இது பத்து லாரி மண். சில சென்டிமீட்டர் மேல்மண் உருவாவதற்கு இயற்கை எடுத்துக்கொள்ளும் காலம் மனித ஆயுளுக்கும் மேற்பட்டது.

வாகமண்ணின் மரமற்ற புற்குன்றுகளை ‘மொட்டக்குன்று’ என்று அழைப்பர். பெயரைக் கேட்போர் அதனை ஒன்றுமில்லாத நிலம் என்று கருதக்கூடும். வண்டியேற்றுவோரும் அவ்வாறே கருதுகின்றனர். மலைப் புல்வெளியோ மழையைப் பிடித்துவைத்துச் சிறிது சிறிதாகச் சுனைக்கு விடும் இயற்கை நீர்த்தொட்டி. இம்மலைத் தொடரின் மேற்குச் சரிவில் விழும் நீர் மீனச்சல், மணிமலை ஆறுகள் வழியே வேம்பநாட்டுக் காயலைச் சேர்கின்றது. கிழக்குச் சரிவின் நீர் பெரியாற்றில் கலந்து, 1976இல் இயங்கத் தொடங்கிய 780 மெகாவாட் இடுக்கி மின்திட்டத்தின் நீர்த்தேக்கத்துக்குச் செல்கின்றது. குன்றின் உச்சியில் கிளறப்படும் மண் குன்றோடு நின்றுவிடுவதில்லை என்பதை இதனால் அறியலாம்.

இவ்விடத்தில் மிகைப்படுத்தலைத் தவிர்க்க வேண்டும். 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் லயங்கள் புதையுண்டு 70 பேர் மாண்டனர். 2021 அக்டோபர் 16ஆம் நாள் பீர்மேடு வட்டத்தின் கொக்கையாறு நிலச்சரிவுக்கு உள்ளாயிற்று. இவை பெருமழையின் விளைவுகள். பொழுதுபோக்குச் சவாரியின் மேல் இவற்றைச் சுமத்துவது அறிவியலாகாது. ஆனால், மலைச்சரிவில் நீரின் இயல்பான வழியை மாற்றுவது ஆபத்து என்னும் பாடத்தை அவை கற்பிக்கின்றன. பராமரிப்பற்ற சக்கரத் தடம் நீரின் வழியை மாற்றும் செயல்களுள் ஒன்று.

இழப்பு யாருடையது?

பொருளியலில் இதற்குப் புறச்செலவு என்று பெயர். ஒருவருடைய நடவடிக்கையால் விளையும் செலவின் ஒரு பகுதி அவருடைய கணக்கில் சேராமல் மற்றவர் தலையில் விழுமாயின், அந்நடவடிக்கை சமுதாயத்துக்குத் தேவையான அளவைவிட மிகுதியாகவே நடைபெறும் என்பதை ஆங்கிலப் பொருளியல் அறிஞர் பிகு 1920இல் வெளியிட்ட நலப் பொருளியல் நூலில் விளக்கினார். ஜீப்பை அமர்த்தும் பயணி எரிபொருளுக்கும் ஓட்டுநர் உழைப்புக்கும் விலை தருகிறார். பாதைக்கு விலை தருவதில்லை.

அவ்விலையைத் தருபவர் யார்? காலையில் மலையேறிக் கொழுந்து பறிக்கச் செல்லும் பெண் தொழிலாளி, முழங்காலளவு பள்ளத்தைச் சுற்றிக் கூடுதல் தூரம் நடக்கிறார். பள்ளிப் பிள்ளை சேற்றில் வழுக்கி விழுகின்றது. இரவில் பேறுகால வலி கண்டவளை ஏற்றிச் செல்ல வரும் சாதாரண வண்டி, பந்தய வண்டிகள் உழுத பாதையில் ஏற முடியாமல் கீழேயே நின்றுவிடக்கூடும். லயத்துக்கு நீர் தரும் சுனை கலங்கினால் தெளிந்த நீருக்காக மற்றொரு சுனையைத் தேட வேண்டும். இச்செலவுகள் எவையும் பணமாகக் கைமாறாதவை. எனவே சுற்றுலா வருவாய்ப் பட்டியலுக்கு எதிரே கழிவாக இவை எழுதப்படுவதில்லை. மாவட்டத்துக்கு வருவாய் பெருகுகின்றது என்று நாம் மகிழும்போது, அவ்வருவாயின் ஒரு பகுதி உண்மையில் லயத்து மக்களிடமிருந்து கேளாமல் பெற்ற மானியமேயாகும்.

இந்த மானியம் எவ்வளவு சிறிய கட்டணத்தால் ஈடுசெய்யத்தக்கது என்பதையும் நோக்கவேண்டும். கணக்கிடும் முறையை விளக்குவதற்காக மட்டும் ஓர் எடுத்துக்காட்டு: ஒரு பாதையின் வடிகாலையும் மேற்பரப்பையும் ஆண்டுதோறும் செப்பனிட 2 லட்சம் ரூபாய் ஆகும் என்றும், அப்பாதையில் ஆண்டுக்கு 4,000 சவாரிகள் நடைபெறும் என்றும் வைத்துக்கொள்வோம். சவாரி ஒன்றுக்கு 50 ரூபாய் தண்டினால் செலவு முழுவதும் ஈடாகிவிடும். வண்டிக்கு ஆறு பயணிகள் எனில் தலைக்கு 9 ரூபாய்க்கும் குறைவு. உண்மைத் தொகைகளை அந்தந்தப் பாதைக்கு ஊராட்சியே மதிப்பிட வேண்டும். ஆனால் பயணியை விரட்டிவிடும் அளவுக்குக் கட்டணம் அமைய வேண்டியதில்லை என்பது தெளிவு.

சட்டத்தின் எல்லை

2022 மே மாதத்தில் வாகமண் அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடைபெற்ற கரடுமுரடு வழிப் போட்டி இச்சிக்கலைப் பொதுமக்கள் கவனத்துக்குக் கொண்டுவந்தது. மாவட்ட நிர்வாகத்தின் கட்டுப்பாட்டை மீறி அது நடைபெற்றதாகப் புகார் எழுந்தது. மோட்டார் வாகனத் துறை அறிவிப்பு அனுப்பியது. காவல்துறை வழக்குப் பதிவு செய்தது. அதில் வண்டியோட்டிய திரைப்பட நடிகர் ஒருவர் 5,000 ரூபாய் அபராதம் செலுத்தினார். தோட்டப் பயிருக்கென ஒதுக்கிய நிலத்தை வேறு பயனுக்குத் தரலாமா என்னும் கேள்வியும் அப்போது எழுப்பப்பட்டது.

அக்கேள்வி அடிப்படையானது. 1963ஆம் ஆண்டின் கேரள நிலச்சீர்திருத்தச் சட்டம் நில உச்சவரம்பிலிருந்து தோட்டங்களுக்கு விலக்களித்தது. தேயிலை போன்ற பயிர்கள் பெருநிலத்தில்தான் வளரும், பலருக்கு வேலை தரும் என்பதே அவ்விலக்கின் நியாயம். அந்நிலம் பந்தயக் களமாகும்போது விலக்கின் நியாயம் தளர்கின்றது.

மற்றொரு புறம், 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு, மாநில அரசின் எழுத்து மூலமான இசைவின்றிப் பொது இடத்தில் பந்தயம் நடத்துவதைக் குற்றமாக்குகின்றது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் குற்றத்துக்கு மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இங்கு இரு குறைபாடுகள் உள்ளன. பொதுமக்கள் செல்லும் உரிமையுள்ள இடமே பொது இடம் என்று சட்டம் பொருள் கூறுவதால், தனியார் தோட்டத்துப் பாதை அவ்வரையறைக்குள் வருமா என்று ஒவ்வொரு முறையும் வாதிட நேரும். தலைமுறை தலைமுறையாக மக்கள் நடக்கும் பாதையாயினும் பதிவேட்டில் இல்லாவிடில் அதன் நிலை ஐயத்துக்குரியதே. மேலும், அபராதம் அரசு கருவூலத்துக்குச் செல்கின்றது. பழுதான பாதை பழுதாகவே கிடக்கின்றது. சாலைப் பாதுகாப்புக்காக இயற்றிய சட்டம் மண் பாதுகாப்பையும் ஆற்றும் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது.

முற்றான தடையும் தீர்வாகவில்லை. 2025 ஜூலைத் தொடக்கத்தில் மூணாறுப் பகுதியில் நேர்ந்த ஜீப் விபத்து உயிரிழப்பை அடுத்து, இடுக்கி மாவட்ட நிர்வாகம் ஜீப் சவாரிகளை நிறுத்திவைத்தது. உயிர்ப் பாதுகாப்பைக் கருதி எடுத்த அந்நடவடிக்கையின் அவசியத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் அன்றாடச் சவாரியை நம்பிய ஓட்டுநர்கள் வருவாயிழந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். பின்னர் வண்டியின் தகுதி, ஓட்டுநரின் உரிமம் முதலியவற்றைச் சோதித்து நிபந்தனைகளோடு சவாரி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. வண்டியையும் ஓட்டுநரையும் சோதிக்கும் முறை இவ்வாறு உருவாகியுள்ளது. மூன்றாவது உறுப்பாகிய பாதையைச் சோதிக்கும் முறையும் வகுக்கப்படுமாயின் இம்முயற்சி முழுமை பெறும்.

பிறர் கண்ட வழிகள்

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1972 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் நிக்சன் பிறப்பித்த ஆணை, பொது நிலங்களில் இத்தகைய வண்டிகள் செல்லத்தக்க இடங்களையும் தடங்களையும் வரையறுக்குமாறு துறைகளைப் பணித்தது. 1977இல் குடியரசுத் தலைவர் கார்ட்டர், கேடு விளையும் தடத்தை உடனடியாக மூடும் அதிகாரத்தை அதனோடு சேர்த்தார். 2005இல் அந்நாட்டு வனத்துறை, வரைபடத்தில் குறித்த தடங்களில் மட்டுமே வண்டி செல்லலாம் என்னும் விதியை வகுத்தது. தடை குறிக்காத இடமெல்லாம் திறந்தது என்ற நிலை மாறி, திறந்தது எனக் குறித்த இடம் மட்டுமே திறந்தது என்ற நிலை ஏற்பட்டது. இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டின் இயற்கைச் சூழல், ஊரகச் சமுதாயச் சட்டம், பதிவாகாத பழைய நாட்டுப்புறப் பாதைகள் பலவற்றில் மோட்டார் வண்டிகளுக்கு இருந்ததாகக் கருதப்பட்ட உரிமையை நீக்கியது. தேசியப் பூங்கா நிர்வாகங்களுக்குத் தம் எல்லைக்குட்பட்ட பாதைகளில் வண்டிப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தையும் அது அளித்தது.

நம் நாட்டிலும் முன்மாதிரிகள் உள்ளன. சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வண்டிகளுக்கு மின்னணு அனுமதிச் சீட்டு முறை கொண்டுவரப்பட்டது. 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வாரநாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என எல்லை வகுக்கப்பட்டது. உள்ளூர் மக்களின் வண்டிகளுக்கு அதில் விலக்கு அளிக்கப்பட்டது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகள் வரையறுக்கப்பட்டு, கட்டணம் பெற்று, உள்ளூர்ப் பழங்குடியினர் வழிகாட்டிகளாக அமர்த்தப்பட்டனர். வரையறுத்த தடம், எண்ணிக்கை எல்லை, கட்டணம், உள்ளூரார்க்கு முதன்மை ஆகிய நான்கும் நம் நிர்வாகத்துக்குப் புதியன அல்ல என்பதை இவை காட்டுகின்றன.

பொதுச் சொத்து எப்போதும் அழிந்தே தீரும் என்று 1968இல் கேரட் ஹார்டின் எழுதிய கட்டுரை பெரிதும் பேசப்பட்டது. தக்க விதிகளைத் தாமே வகுத்துக்கொண்டு பொதுச் சொத்தைப் பேணிய பயனாளர் குழுக்கள் உலகெங்கும் உள்ளன என்பதை எலினார் ஆஸ்திரம் 1990இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். 2009இல் பொருளியல் நோபல் பரிசும் பெற்றார். அவர் சுட்டிய நிபந்தனைகளுள் முதன்மையானது, சொத்தின் எல்லையும் பயன்படுத்துவோர் யாவர் என்பதும் தெளிவாக இருத்தலாகும். ஏலப்பாறைப் பாதைகளுக்கு இன்று இல்லாதது இதுவே.

செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றின் அடிப்படையில் சில யோசனைகளை முன்வைக்கலாம்.

முதலாவதாக, மலை ஊராட்சிகள் தம் எல்லைக்குட்பட்ட பாதைகள் அனைத்தையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். எந்த லயத்தையும் பள்ளியையும் சுனையையும் அது இணைக்கின்றது, யாருடைய நிலத்தின் வழியே செல்கின்றது, வடிகால் எந்நிலையில் உள்ளது என்பன அதில் இடம்பெற வேண்டும். 1996இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கித் திட்ட நிதியின் கணிசமான பகுதியை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்த கேரளத்தில் இது இயலாததன்று.

இரண்டாவதாக, பாதைகளை மூவகையாகப் பிரிக்க வேண்டும். மக்களின் அன்றாட நடைபாதைகளிலும், புற்குன்றுகளிலும், சுனைகளின் மேற்சரிவிலும் பொழுதுபோக்கு வண்டி கூடாது. கல் பாவிய, உறுதியான பழைய தோட்டச் சாலைகளில் பதிவுபெற்ற சுற்றுலா ஜீப்புகள் மட்டும் செல்லலாம். போட்டிக்கும் பயிற்சிக்கும், கைவிடப்பட்ட கல்குவாரி போன்ற, முன்னரே கெட்டுப்போன சமநிலத்தை ஒதுக்கலாம். அவ்விடத்திலும் அதன் நீர் ஓடைக்குச் செல்லாதவாறு வண்டல் தேக்கும் குழி அமைத்தல் வேண்டும்.

மூன்றாவதாக, ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள பருவமழைக் காலத்தில் மண் பாதைகளை மூட வேண்டும். அதற்குப் பின்னரும், பெருமழை பெய்த மறுநாட்களில் மண் உலரும் வரை சவாரியை நிறுத்துவது நன்று. ஓட்டுநர்களுக்கு இதனால் நேரும் வருவாய்க் குறைவை ஈடுசெய்ய, மழைக்கு முன்னும் பின்னும் பாதை செப்பனிடும் கூலிப் பணியை அவர்களுக்கும் தோட்டத் தொழிலாளர்களுக்குமே தரலாம்.

நான்காவதாக, சவாரிக் கட்டணத்தை ஊராட்சியின் தனிக் கணக்கில் சேர்த்து, அந்தந்தப் பாதைக்கே செலவிட வேண்டும். பொது நிதியில் கலந்துவிட்டால் கட்டணத்தின் நோக்கம் மறைந்துவிடும். சீட்டு வழங்கும் பொறுப்பைக் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களிடம் ஒப்படைப்பது பொருத்தமாக இருக்கும்; பாதையில் அன்றாடம் நடப்பவர்கள் அவர்களே.

ஐந்தாவதாக, தடை மீறியவர் அபராதத்தோடு பாதையைச் செப்பனிடும் செலவையும் தர வேண்டும். இதற்கான விதியை மாநில அரசு வகுக்க வேண்டும்.

பராமரிப்பு முறையும் எளிமையானதே. பாதைக்குக் குறுக்கே சாய்வாகக் கல்லாலோ மண்ணாலோ தாழ்வான வரப்பு இட்டால் நீர் தடத்தில் ஓடாமல் பக்கவாட்டில் விலகிப் புல்லுக்குச் செல்லும். சரிவு மிக மிக வரப்புகளின் இடைவெளி குறைய வேண்டும். இதற்குப் பெரும் இயந்திரங்கள் தேவையில்லை. மண்வெட்டியும் கல்லும் மண்ணின் போக்கறிந்த கைகளும் போதும். தோட்ட மக்களிடம் அக்கைகள் உள்ளன.

முடிவுரை

மலைக்கு வருபவர் மகிழ்ச்சி தேடி வருவதில் குற்றமில்லை. அவரை ஏற்றிச் செல்லும் ஓட்டுநரின் வருவாயும் தேவையானதே. ஆனால் தோட்டம் மூடப்பட்ட காலத்தில் முதலில் கூலியை இழந்த மக்களே, சுற்றுலா வளரும் காலத்தில் பாதையையும் இழக்க வேண்டும் என்பது எந்த வளர்ச்சிக் கோட்பாட்டுக்கும் ஒவ்வாது. வளர்ச்சியின் ஆதாயம் ஒரு சாராருக்கும் அதன் தேய்மானம் மற்றொரு சாராருக்கும் செல்லாமல் காப்பதே திட்டமிடுதலின் கடமை. ஏலப்பாறையின் பாதைகளை எண்ணிப் பதிவேட்டில் எழுதுவதிலிருந்து அக்கடமையைத் தொடங்கலாம்.